இன்னொரு கால்

எலும்பு டாக்டருக்கு "மின்னல்" என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. அவரே வைத்துக்கொண்டிருப்பார் என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம். தொடை எலும்புக்குள் ஆணி இறக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். முதலில் சொன்னவர் அவர்தான். மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

மனைவி அதே தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பவள். சிஸ்டர் முதல் வாட்ச்மேன் வரை அவளை "மயக்க டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். நோயாளியின் தலைமாட்டில், பச்சைத் துணித் திரைக்கு இந்தப் பக்கம் அவளுடைய ஸ்டூல். அந்தப் பக்கம் கணவரின் சுத்தியல். பெரும்பாலான பெண்களுக்குத் தங்கள் கணவன்மார் வேலை செய்யும் இடத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று தெரியாது. கொடுத்து வைத்தவர்கள். இவள் வாரத்தில் பாதி நாள் அதைத் திரைக்கு மேலே தலையை நீட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

"சதையை முழ நீளத்துக்குக் கிழிச்சு, தகடு வெச்சு, திரும்பத் தைக்கறவன் டெய்லர்" என்பார் மின்னல், சுத்தியலைக் கையில் வாங்கிக்கொண்டே. "இடுப்புகிட்ட சின்னதா ஒரு ஓட்டை. உள்ள ஆணி. முட்டிகிட்ட ரெண்டு ஸ்க்ரூ. ஆளு எழுந்து நடக்கிறான். இதுக்குப் பேருதான் சர்ஜரி."

பயிற்சி டாக்டர்கள் தலையாட்டுவார்கள். டெய்லர் என்று அவர் சொன்னது பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு எலும்பு டாக்டரை. எந்த முறிவு வந்தாலும் உலோகத் தகடு வைத்துவிடுவதால் அவருக்குத் "தகடு" என்றே பெயர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவருடைய நோயாளி நொண்டினால் இன்னொருவர் வீட்டில் அன்று சாப்பாடு ருசிக்கும்.

மயக்க டாக்டரின் தம்பி பஸ் டிரைவர். அக்கா படித்து டாக்டரானாள், தம்பி படிக்காமல் டிரைவரானான், இருவருக்கும் அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் மின்னலுக்குத்தான். மச்சினன் பெரிய வண்டி ஓட்டுகிறான் என்று நண்பர்களிடம் சொல்லும்போது "டிரான்ஸ்போர்ட்ல இருக்கான்" என்று நிறுத்திக்கொள்வார். கேட்பவர்கள் நாலு லாரிக்குச் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டால் அவர் மறுப்பதில்லை.

ஒரு நாள் டிப்போவில் வண்டி கழுவுமிடத்தில் நின்றிருந்த தம்பியை, பின்பக்கமாக வந்த பஸ் ஒன்று தூணோடு சேர்த்து நசுக்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது தொடை எலும்பு போய்விட்டது. எக்ஸ்ரேயில் தொடையின் நடுப்பாகம் யாரோ உள்ளங்கையில் வைத்து நொறுக்கிய பிஸ்கட் போல இருந்தது. மின்னல் அந்தப் படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அழகான ஃபிராக்சர்" என்றார்.

"என் தம்பி காலு அது" என்றாள் அவள்.

"அதான் சொல்றேன். அடுத்த வாரம் நம்ம பயிலரங்கம் இருக்கு இல்ல? லைவ்ல காட்டறதுக்கு நல்ல கேஸ் கிடைக்கலியேன்னு பார்த்துட்டிருந்தேன். மாப்ள அதிர்ஷ்டக்காரன்."

அதிர்ஷ்டக்காரன் அத்தனை நாளும் காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி, முதுகைத் திருப்ப முடியாமல், தன் எலும்பு மேடை ஏறும் நாளுக்காகக் காத்துக் கிடந்தான். வேறு யாரையாவது வைத்து உடனே செய்துவிடலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "என் மச்சினனுக்கு வேற ஒருத்தன் நெயில் போட்டா ஊரு என்ன பேசும்?" என்றார் மின்னல். ஊர் பேசுவதுதான் அவருக்கு எலும்பு. மீதியெல்லாம் சதை.

"எத்தனை பேரு பாக்கப் போறாங்க?" என்று தம்பி கேட்டான்.

"மண்டபம் நிறைய டாக்டருங்கடா."

"எனக்கு டிக்கெட் உண்டா அக்கா? இல்ல, ஸ்டாஃபுன்னு ஓசியில விட்டுருவாங்களா?"

பயிலரங்கத்தன்று தியேட்டரில் இரண்டு கேமரா, மின்னலின் நெற்றியில் ஒன்று, காதோரம் மைக். மாடியில் மண்டபத்துத் திரையில் எல்லாம் தெரியும். மண்டபத்தின் சத்தம் இங்கே ஒலிபெருக்கியில் கேட்கும். மின்னல் அன்று தலைமுடியை வாரிவிட்டு அதன் மேல் தொப்பி போட்டிருந்தார்.

அவள் தம்பியின் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்து, தூக்கத்துக்கும் கொஞ்சம் மருந்து கொடுத்தாள். வலது பாதத்தை மேசையின் இரும்புக் காலணிக்குள் வைத்துக் கட்டி இழுத்தார்கள். இடது கால் ஓரமாகத் துணிக்குள் போயிற்று.

எலும்பு இரண்டு துண்டாக உடைந்திருந்தால் பெரிய சிக்கல் இல்லை. உடைந்த சாசரைப் போல விளிம்போடு விளிம்பு பொருந்திக்கொள்ளும். நொறுங்கிப் போனால் பொருத்திப் பார்க்க விளிம்பே இருக்காது. ஆணி நடுவில் நேராக நிற்கும், நீளமும் சரியாக வரும். ஆனால் ஆணியைச் சுற்றி எலும்பின் கீழ்ப்பாகம் எந்தத் திசையிலும் திரும்பி நின்றுகொள்ளும். எந்தத் திசை சரி என்று தெரிந்துகொள்ள அந்த ஆளின் இன்னொரு காலைத்தான் பார்க்க வேண்டும். நல்ல காலின் முட்டிச்சில்லை மேல்நோக்கி வைத்து, இடுப்புக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் இருக்கும் சிறு புடைப்பு எவ்வளவு தெரிகிறது என்று முதலிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அடிபட்ட காலிலும் முட்டி நேராக இருக்கும்போது அந்தப் புடைப்பு அதே அளவு தெரிய வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. படிக்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

மின்னல் நேராகக் கத்தியைக் கேட்டார்.

"நல்ல கால் படம் எடுக்கலியா?" என்றாள் அவள், திரைக்கு மேலே.

எக்ஸ்ரே எடுக்கும் சி-ஆர்ம் கருவியை அந்தப் பக்கம் தள்ளிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதுவரை மண்டபத்தில் இருப்பவர்கள் ஒன்றுமே ஆகாத ஒரு காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மின்னல் கேமரா பக்கம் திரும்பினார்.

"மயக்க டாக்டர் பேசறாங்கன்னா, ஒண்ணு பேஷண்ட் முழிச்சுக்கிட்டாருன்னு அர்த்தம். இல்ல, அவங்க முழிச்சுக்கிட்டாங்கன்னு அர்த்தம்."

ஒலிபெருக்கி சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு இன்னொரு முறை வரும் என்று தோன்றியது.

ஆணி இறங்கியது. சுத்தியல் சத்தத்துக்கு ஏற்ப தம்பியின் தலை சின்னச் சின்னதாக ஆடியது. கீழே ஸ்க்ரூ போடும்போது, ஆணியில் உள்ள துளை படத்தில் வட்டமாகத் தெரியும்படி கருவியைத் திருப்பி, அந்த வட்டத்துக்கு நடுவே கையாலேயே துளைபோட வேண்டும். பலர் தடுமாறும் இடம் அது. மின்னல் ஒரே குத்தில் முடித்தார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. அதை அவள் மறுக்கவில்லை. கை நல்ல கைதான். அந்தக் கைக்கு மேலே இருக்கும் தலைதான் எப்போதும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேமராவை அணைத்துத் துணிகளை எடுத்தபோது அவள் தம்பியின் பாதங்களைப் பார்த்தாள். இடது பாதம் கொஞ்சம் வெளியே சாய்ந்திருந்தது. வலது பாதம் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்து சுவரைப் பார்த்தது.

"கால் வெளிய திரும்பியிருக்கு" என்றாள்.

"நீ போட்ட ஊசி. மரத்துப் போன கால் அப்படித்தான் விழும்" என்றார் மின்னல், கையுறையைக் கழற்றி வீசிவிட்டு. மேலே மண்டபத்தில் பூமாலை காத்திருந்தது.

ஊசியின் வீரியம் போன பிறகும் கால் சுவரையே பார்த்தது. வலிக்குப் பயந்து அப்படி வைத்துக்கொள்கிறான் என்றார். வலி குறைந்தது. தசைக்குப் பலமில்லை, பயிற்சி போதாது என்றார். பயிற்சி செய்தான். "இவனுக்குப் பொறவியிலேயே நடை அப்படித்தான். கல்யாணத்துல பார்த்தேனே" என்றார். கல்யாணத்தில் அவர் தம்பியின் காலைப் பார்த்திருந்தால் அதுதான் அந்தக் குடும்பத்தில் அவர் குனிந்த முதல் தடவையாக இருந்திருக்கும்.

தம்பி ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் முதலில் டிப்போவுக்குத்தான் போனான். தனியாக விடப் பயந்து அவளும் கூடப் போனாள். ஓரமாக நின்ற ஒரு பழைய பஸ்ஸில் அவனைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். சீட்டில் உட்கார்ந்ததும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு வலது காலை நீட்டினான். பாதம் ஆக்ஸிலேட்டருக்கு வெளியே போய்ப் பக்கத்துத் தகரத்தில் இடித்தது. நேராகத் திருப்பப் பார்த்தான். வரவில்லை. பிரேக்குக்குக் கொண்டுபோக, தொடையைக் கையால் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. வைத்தாலும் குதிகால்தான் பிரேக்கில் பட்டது. விரல்கள் ஆக்ஸிலேட்டர் மேல் கிடந்தன.

கீழே நின்ற கண்டக்டர் ஒருவர், "என்னப்பா, ஒரு காலு ரோட்டைப் பாக்குது, இன்னொண்ணு டீக்கடையைப் பாக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அவள் படியில் உட்கார்ந்திருந்ததால் அவன் கையைப் பார்த்தாள். ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தது.

"தேறாதுக்கா" என்றான், மற்றவர்கள் போன பிறகு. "உட்கார வெச்சு பிரேக் அடிக்கச் சொல்வாங்க. டெஸ்ட்ல விழுந்தா கூட்டிப் பெருக்கற வேலைக்கு அனுப்பிடுவாங்க. டிப்போவுக்குள்ளேயே. நம்ம பசங்க வண்டி எடுத்துட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டே பெருக்கணும்."

"மாமாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சீட்டை மாத்திக்கச் சொன்னாரு."

அன்று அவள் தம்பி வீட்டுக்குப் போய் அவனைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்தாள். இரண்டு முட்டியையும் மடக்கிக் கணுக்காலைக் கூரையைப் பார்க்க நிறுத்தினாள். நல்ல காலைப் பிடித்து வெளிப்பக்கம் சாய்த்தாள், தாராளமாகப் போயிற்று. அடிபட்ட காலைச் சாய்த்தாள். நிமிர்ந்த இடத்திலேயே நின்றது. உள்பக்கம் தள்ளினாள். மற்ற காலைத் தாண்டி விழுந்தது.

"அண்ணி, இது கதவு தப்பா மாட்டின மாதிரி இருக்கே" என்றாள் தம்பியின் மனைவி, மாவுக் கையோடு வாசலில் நின்று. "ஒரு பக்கம்தான் திறக்குது."

"அப்படித்தான் மாட்டியிருக்காங்க" என்றாள் அவள்.

அன்று மாலை மின்னல் கம்ப்யூட்டர் முன்னால் அடுத்த மாநாட்டுக்கான உரையைத் தயாரித்துக்கொண்டிருந்தார். திரையில் அவள் தம்பியின் எலும்பு. மேலே ஆணி, அம்பு மாதிரி நேராக.

"பாரு இதை. எந்தக் குறை சொல்லுவே? படம் பொய் சொல்லாது."

"படத்துல திருப்பம் தெரியாது. இடுப்பைத் தனியா எடுத்திருக்கீங்க, முட்டியைத் தனியா எடுத்திருக்கீங்க. உங்களுக்கே தெரியும். ரெண்டு காலையும் சேர்த்து ஒரு ஸ்கேன் எடுங்க."

"எதுக்கு? ஒண்ணுமில்லாததுக்கு ஸ்கேன் எடுத்தா ஏதோ இருக்குன்னு ஆயிடும்."

"அவனால பிரேக் மிதிக்க முடியல."

மின்னல் நாற்காலியைத் திருப்பினார். குரலில் பெருந்தன்மை வந்துவிட்டது.

"இங்க பாரு. அவன் என்ன டான்ஸா ஆடப் போறான்? ஒரு டிரைவருக்கு இது போதும்."

அவள் இத்தனை வருஷமாக அந்த மனிதரைப் பற்றி நினைத்ததெல்லாம் கோபம் என்றே எண்ணியிருந்தாள். கோபம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கோபம் என்றால் எதிரில் இருப்பவர் திருந்துவார் என்று எங்கோ ஒரு நம்பிக்கை இருக்கும்.

மறுநாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனாள். அங்கேதான் ஸ்கேன் எடுத்தாள். தகடு அதைப் பார்க்கும்போது ஐயோ பாவம் என்பது போல நாக்கால் ஒலி எழுப்பினார். ஆனால் கண்கள் பண்டிகைக்குப் புதுத்துணி கிடைத்த பிள்ளையின் கண்கள்.

"எவ்வளவு திருப்பம்! அடடா. மின்னலா இதைப் பண்ணினது? மின்னலா?"

"இப்ப என்ன செய்யலாம்?" என்றாள்.

"சுத்தமா திறந்துட வேண்டியதுதான். நெயிலை எடுத்துத் தூரப் போட்டுட்டு, நீளமா ஒரு தகடு. ஜம்முனு இருக்கும். வர்ற மாநாட்டுல இதைக் காட்டறேன். பேரு போட மாட்டேன்மா, கவலைப்படாதீங்க. போடாமலே எல்லாருக்கும் புரியும்."

தம்பி இடையில் புகுந்தான். "கம்பியை எடுக்க வேண்டாம், கீழ ரெண்டு ஸ்க்ரூவை மட்டும் கழட்டித் திருப்பிட்டுத் திரும்பப் போட்டா போதும்னு அக்கா சொன்னாங்களே டாக்டர்?"

"அக்கா மயக்கம்தானே தம்பி கொடுப்பாங்க" என்றார் தகடு, அன்பாக.

அவள் ஸ்கேன் படங்களை மேசையிலிருந்து எடுத்து உறையில் போட்டாள். ஒருவருக்கு வட்டமாக ஓட்டை போட ஒரு தொடை வேண்டும், இன்னொருவருக்கு நீளமாகக் கிழிக்க ஒரு தொடை வேண்டும். அந்தத் தொடைக்கு மேலே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது இரண்டு பேருக்கும் இடைஞ்சல்.

காரில் திரும்பும்போது தம்பி ஜன்னல் வழியாகப் பஸ்களைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"வேற ஊர்ல யாராவது இருக்காங்களான்னு பாக்கறேன்" என்றாள். "ஆனா நாள் இல்லடா. எலும்பு கெட்டியாக ஆரம்பிச்சுட்டா அப்புறம் வெட்டித்தான் திருப்பணும்."

"மாமாவே பண்ணட்டும்."

"என்னடா சொல்றே?"

"எங்க டிப்போல ஒரு பழக்கம் இருக்குக்கா. எவன் வண்டியை இடுக்குல கொண்டுபோய் மாட்டினானோ, அவனைத்தான் வெளிய எடுக்கச் சொல்வாங்க. எப்படி உள்ள போச்சுன்னு அவனுக்குத்தான் தெரியும். சுத்தி நாங்கெல்லாம் நின்னு பார்ப்போம். அது ஒரு தண்டனை." சிரித்தான். "அவர் கை நல்ல கைதானே? நீயே சொல்லியிருக்கே. ஆனா தூக்க ஊசி போடாதே. இந்தத் தடவை நான் முழிச்சிருக்கணும்."

மின்னலைச் சம்மதிக்க வைப்பது அவள் நினைத்ததைவிட எளிதாக இருந்தது. தம்பியின் வேலை, பிரேக், பெருக்குமாறு எதைச் சொல்லியும் அசையாதவர், ஸ்கேன் எங்கே எடுத்தது என்று கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அவன்கிட்டயா காட்டினே? அவன்கிட்டயா?"

"மாநாட்டுல காட்டப் போறாராம். பேரு போட மாட்டாராம்."

"என்ன சொன்னான்? சிரிச்சானா?"

"நீங்க திருப்பிச் சரி பண்ணிட்டா அவர்கிட்ட காட்டறதுக்குப் பாதிக் கதைதான் இருக்கும்" என்றாள். "பண்ணலன்னா முழுக் கதை."

மின்னல் அறையில் இரண்டு தடவை நடந்தார். கால் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். அவள் சொன்னாள். தலையாட்டினார். ஏற்கெனவே தெரிந்த விஷயத்துக்கு ஆட்டுவது போலத்தான் ஆட்டினார்.

இந்த முறை கேமரா இல்லை. தியேட்டர் சிஸ்டரும் ஒரே ஒரு பயிற்சி டாக்டரும் மட்டும். தம்பி மேசை மேல் உட்கார்ந்து முதுகை வளைத்துக் காட்டினான். அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆரம்பி" என்றார் மின்னல்.

"நல்ல கால் படத்தை எடுத்து வெச்சுட்டு வாங்க. அப்புறம் ஊசி."

"அதெல்லாம் நான்..."

"ஊசி என் கையில இருக்கு."

சிஸ்டர் தரையைப் பார்த்தாள். பயிற்சி டாக்டர் கூரையைப் பார்த்தான். தம்பி மட்டும் மாமாவை நேராகப் பார்த்து, "படுத்துக்கவா மாமா?" என்றான். படுத்தான். கருவியை இடது பக்கம் தள்ளிக் கொண்டுபோனார்கள். முட்டிச்சில் மேல்நோக்கி. புடைப்பு தெரிந்தது. படத்தை எக்ஸ்ரே திரையின் ஒரு பாதியில் நிறுத்தி வைத்தார்கள். அதற்கு ஆன நேரத்தில் ஒரு டீ குடித்து முடித்திருக்க முடியாது.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பழைய தழும்பு வழியாகக் கீழ் ஸ்க்ரூ இரண்டையும் கழற்றினார். எலும்பின் மேல்பாகத்தில் ஒரு கம்பி, கீழ்ப்பாகத்தில் ஒரு கம்பி, கைப்பிடி மாதிரி. புதிதாக வளர ஆரம்பித்திருந்த எலும்பு நறநறவென்றது. மின்னலின் தோள் இறுகியது. அவர் திரையை மட்டுமே பார்த்தார். இந்தப் பாதியில் நல்ல கால், அந்தப் பாதியில் இது. கொஞ்சம் திருப்பி நிறுத்தினார். படம். இன்னும் கொஞ்சம். படம். ஒளிந்திருந்த புடைப்பு மெல்ல மெல்ல வெளியே தெரிந்துகொண்டே வந்து அடுத்த பாதியில் இருந்த அளவுக்கு வந்து நின்றது. பார்க்க வேண்டியதைப் பார்க்கும்போது அந்த ஆள் எவ்வளவு நன்றாக வேலை செய்தார் என்பதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இதைச் செய்யத் தெரியாதவர் என்றால் மன்னித்திருக்கலாம்.

"மாமா, கியர் விழுதா?" என்றான் தம்பி, துணித் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

"விழுது."

"போன தடவை ஏன் விழல?"

ரத்தத்தை உறிஞ்சும் குழாய் சத்தம் போட்டது. அவள் எழுந்து துணித் திரைக்கு மேலே பார்த்தாள். முகமூடிக்கு மேலே மின்னலின் கண்கள் எக்ஸ்ரே திரையிலேயே இருந்தன. தப்பித்துப் போகும் வழிகளெல்லாம் அந்தக் கண்களில் ஒவ்வொன்றாக வந்து போவதை அவளால் பார்க்க முடிந்தது. ஊசி, வலி, தசை, பிறவி. எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டவை.

"போன தடவை நான் பாக்கல மாப்ள" என்றார்.

தம்பி "சரி மாமா" என்றான். டிரைவருக்கு டிரைவர் சொல்வது போலச் சொன்னான்.

அவள் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த இளக்காரத்தை எங்கே வைப்பது என்று சற்று நேரம் தெரியவில்லை.

அந்தச் சங்கடம் மாலை வரைதான். வார்டுக்குப் போகும் வழியில் மின்னல் நடைபாதையில் பயிற்சி டாக்டர்களை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "கீழ் ஸ்க்ரூ கொஞ்சம் இளகியிருந்தது. பேஷண்ட் நாம சொன்னதைக் கேட்காம சீக்கிரமே எடை போட்டுட்டான். வேற ஒருத்தனா இருந்தா கண்டுபிடிச்சிருக்கவே மாட்டான். எனக்கு நடையைப் பார்த்ததுமே ஒரு சந்தேகம்." தியேட்டரில் கூட நின்றிருந்த பையனும் அந்தக் கும்பலில் நின்று தலையாட்டினான். அவள் அவர்களைத் தாண்டிப் போனாள். இளக்காரம் தன் பழைய நாற்காலிக்கே வந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

தம்பி டெஸ்டில் தேறினான். முதல் நாள் ஓட்டிவிட்டுப் போன் செய்தவன், சீட் குஷனைத்தான் குறை சொன்னான். காலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அது அவளுக்குப் போதுமாக இருந்தது. மாநாட்டில் தகடு எதையும் காட்டவில்லை. மின்னல் காட்டினார். "ஆணியை எடுக்காமலே திருப்பத்தைச் சரிசெய்யும் முறை" என்று தலைப்பு. கைதட்டல் நன்றாக இருந்ததாக அவரே வந்து சொன்னார்.

"நீயும் வந்திருக்கலாம்" என்றார்.

"எனக்கு வேலை இருந்தது" என்றாள்.

அவள் ஆஸ்பத்திரியை விடவில்லை, அவரையும் விடவில்லை. அவரிடம் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. தொடை முறிவு என்று யார் வந்தாலும், நல்ல கால் படம் திரையில் ஏறும்வரை அவள் ஊசியை உறையிலிருந்து எடுப்பதில்லை. முதலில் மின்னல் முணுமுணுத்தார், கிண்டல் செய்தார், தாமதமாகிறது என்றார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் அவர் வருவதற்கு முன்பே சிஸ்டர்கள் கருவியைத் தள்ளிக் கொண்டுபோய் எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் மேசையில் ஒரு பெயிண்டர் படுத்திருந்தார். சாரத்திலிருந்து விழுந்தவர். இடது தொடை தூளாகியிருந்தது. வலது காலின் துணியை விலக்குவதைப் பார்த்து அவருக்குக் கலக்கம் வந்துவிட்டது.

"அது நல்ல காலும்மா. இந்தப் பக்கம்தான் அடி. மாத்திப் பண்ணிடாதீங்க."

"தெரியும்ங்க. சும்மா படம்தான் எடுக்கறோம்."

"நல்லா இருக்கற காலை எதுக்கும்மா படம் எடுக்கணும்?"

மின்னல் கைகளைக் கழுவிவிட்டு, முழங்கையிலிருந்து நீர் சொட்ட உள்ளே வந்து நின்றார்.

"உடைஞ்ச காலு முன்னாடி எப்படி இருந்ததுன்னு அதுக்குத்தான் தெரியும்" என்றாள் அவள். "டாக்டருக்குத் தெரியாது."

பெயிண்டர் தலையைத் திருப்பி டாக்டரைப் பார்த்தார். மின்னல் சிஸ்டர் நீட்டிய துண்டை வாங்கி, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார். படம் அங்கே இருந்தது.